கசெட்டில் ஒரு பிஸ்மி

கோழி கழுத்தை நீட்டியது. நடந்தது அவ்வளவுதான். எண்பத்திரண்டாம் வருஷத்து மாரி மழை ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், குசினியில் பாயை விரித்துக் குந்திய றவூப், "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிச் சோற்றில் கை வைத்தபோது, மழைக்காக அன்றுதான் வளவிலிருந்து உள்ளே தூக்கி வந்து விறகு அடுக்கின் பக்கத்தில் சாக்கின்மேல் விட்டிருந்த வெள்ளைக் கோழி தன் கழுத்தை மெல்ல முன்னால் இழுத்து, தரையோடு தரையாக வைத்து, கண்களை மூடிக்கொண்டது.

"அதுக்கு நித்திர வருது வாப்பா," என்றாள் மகள் பரீனா. அந்தக் கோழி என்றால் அவளுக்கு உயிர்.

றவூப் கோழியையே பார்த்தான். நித்திரை கொள்ளும் கோழி தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பசித்த கோழி அலகைத் திறக்கும். வெக்கையில் தவிக்கிற கோழி இறக்கையை விரித்து இளைக்கும். கழுத்தை இப்படி நேராக, யாரோ இழுத்துப் பிடித்திருப்பதுபோல வைத்திருக்க எந்தக் கோழிக்கும் தானாகத் தெரியாது. அதற்கு ஒரு கை வேண்டும். தலையைப் பிடித்து, தொண்டை இறகைப் பெருவிரலால் விலக்கி, கழுத்தை இழுத்துக் கொடுக்கிற கை. கல்முனையில் பாதி ஊருக்கு அந்தக் கை றவூபுடையதுதான். கலியாண வீடோ பெருநாளோ, அவன் அறுத்தது என்றால் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு தின்பார்கள்.

அறுக்கிறவனுக்குச் சில முறைகள் உண்டு. கத்தியைக் கோழிக்குக் காட்டக்கூடாது. ஒன்றின் கண்முன்னால் இன்னொன்றை அறுக்கக்கூடாது. தொண்டை நனைய ஒரு மிடறு தண்ணீர் கொடுக்கவேண்டும். மக்கா இருக்கும் மேற்கே, கிப்லாப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு உயிருக்கும் தனித்தனியாக, வாய் திறந்து "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" சொல்லவேண்டும். உயிர் அவனுடையது அல்ல. அந்தப் பெயரைச் சொல்லி அனுமதி வாங்கித்தான் எடுக்கிறான். அதனால் றவூப் தன் வாயைப் பத்திரமாக வைத்திருந்தான். பொய் கிடையாது, தூஷணம் கிடையாது. கத்தி பிடித்த நாளிலிருந்து கோழி இறைச்சி அவன் தொண்டையில் இறங்கியதும் கிடையாது. மீன் இருந்தால் போதும். ஊருக்கெல்லாம் அறுத்துக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் கீரிமீன் முள்ளோடு மல்லுக்கட்டுகிறான் என்று மனைவி சுபைறா கேலி செய்யாத கிழமை இல்லை.

பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தபோது மறுபடியும் அதே சொல் வாயில் வந்தது. தின்ன, குடிக்க, கதவு திறக்க, விளக்குக் கொளுத்த, எதற்கும் அதுதானே முதலில் வரும். கோழி இம்முறை முதலில் தன்னைத் திருப்பிக்கொண்டது. வளைந்துபோன கால்களால் எழும்ப ஏலாமல், நெஞ்சைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக மேற்குப் பக்கம் திரும்பி, அதன் பிறகுதான் கழுத்தை வைத்தது. சிமெந்தில் இறகு உரசிய சத்தம் அத்தனை மழைக்குள்ளும் தனியாகக் கேட்டது.

சுபைறா தன் கோப்பையோடு வந்து குந்தி பிஸ்மி சொன்னாள். கோழி அசையவில்லை. பரீனா சொன்னாள். அசையவில்லை. றவூப், சும்மா பார்ப்போம் என்பவன்போல இன்னொரு தடவை சொன்னான்.

நீட்டியது.

"இதென்ன புதினம்," என்றாள் சுபைறா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "ஒங்கட சத்தம் கோழிக்கும் பாடமாப் போச்சா?"

றவூபுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கோழியை அவன் ஒரு நாளும் தொட்டதில்லை. தன் குரலை இது எங்கே கேட்டது என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

அது ஷரிபுதீன் ஹாஜியாருடைய கோழிப் பண்ணையில், ஊர் சொல்லும் 'பாமில்', பிறந்து வளர்ந்தது. சூறாவளியில் தென்னைகள் வேரோடு விழுந்து வெறுங்காணியாகக் கிடந்த ஒரு தோட்டத்தை நற்பிட்டிமுனைப் பக்கம் ஹாஜியார் வாங்கி, சவூதியில் உழைத்ததையெல்லாம் கொட்டி, நீள நீளமாகத் தகரக் கொட்டில்கள் போட்டிருந்தார். புரொய்லர் கோழி என்ற பெயரே அப்போதுதான் ஊருக்குப் புதிது. தொடக்கத்திலிருந்து அங்கே அறுத்தவன் றவூப்தான். கோழிகள் பெருகின. அறுத்து அறுத்து அவன் மணிக்கட்டு வீங்கியது. ஒரு நாள் ஹாஜியார் புதுக் கசெட் ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல சத்தம் எப்பிடி விழுகுது எண்டு பாப்பம், ஒருக்கா ஓதுங்க தம்பி," என்றார். றவூபும் கையிலிருந்த கோழியை அறுத்தபடியே ஓதினான். அதன்பிறகு கொஞ்ச நாளில் ஹாஜியார் அவனை வீட்டில் இருந்து கையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பொத்துவிலில் இருந்து ஒருவர் வந்து அறுக்கிறார் என்றார்கள். கூலி நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்கு இறைச்சிப் பார்சல் வந்தது. சுபைறாவும் பரீனாவும் ஆசையாகத் தின்றார்கள். பார்சல் கொண்டுவருகிற குணம் என்பவன்தான் ஒரு தடவை, கால் வளைந்து தீனித் தொட்டிக்குப் போக ஏலாமல் கிடந்ததென்று இந்தக் கோழியையும் பிள்ளைக்குத் தூக்கி வந்தான்.

அடுத்த நாள் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு, மழைச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, றவூப் சைக்கிளை எடுத்தான். இடுப்பில் கத்தி இருந்தது. அறுக்கப் போகாத நாளிலும் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போய் அவனுக்குப் பழக்கமில்லை.

வயல் வெளிக்குத் திரும்பியதும் மணம் வந்தது. மழை எல்லா மணத்தையும் அடக்கிவிடும் என்பார்கள், இதை அடக்கவில்லை. நனைந்த உமியும், எச்சமும், மூக்கின் அடியில் ஊசி குத்துவதுபோல ஏறுகிற காரமும், அதற்குக் கீழே செத்த கோழிகளைப் போடுகிற கிடங்கிலிருந்து எழும்புகிற இனிப்பான ஒரு நாற்றமுமாக, தோட்டத்து வேலிக்கு வெகு தூரத்திலேயே அது அவனை மறித்து நின்றது. கொட்டில்களில் பட்டப்பகலிலும் லைட் எரிந்தது. அங்கே அது அணைவதே இல்லை. இருட்டினால் கோழி நித்திரை கொள்ளும், நித்திரை கொண்டால் தின்னாது, தின்னாவிட்டால் பெருக்காது. அந்தக் கோழிகளுக்கு இரவு என்று ஒன்றை யாரும் காட்டியதே இல்லை.

அறுக்கும் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு மோட்டார் ஓடியது. மோட்டாருக்கு மேலே, சீராக, மூச்சு விடாமல், ஒரு மனிதன் ஓதிக்கொண்டிருந்தான்.

"பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்."

றவூப் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.

"பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்."

அந்தக் குரலுக்கு 'அக்பர்' என்னும் இடத்தில் ஒரு சின்ன இழுப்பு இருந்தது. கோழியின் உதறலைக் கையில் அடக்கும்போது வருகிற இழுப்பு. அவனுடைய இழுப்பு.

உள்ளே பொத்துவில்காரர் யாரும் இல்லை. எந்த அறுப்பவரும் இல்லை. முகட்டில் ஒரு தண்டவாளம் ஓடியது. அதில் கொக்கிகள். கொக்கிகளில் தலைகீழாகக் கோழிகள், ஒன்றின் பின்னால் ஒன்று, முன்னால் போவதைப் பின்னால் வருவது பார்த்துக்கொண்டே வந்தது. தண்டவாளம் முடியும் இடத்தில் ஒரு வட்டக் கத்தி சுழன்றது. கத்திக்குப் பக்கத்தில், பொலித்தீனால் மூடிய ஸ்பீக்கர். இரத்தம் தெறித்து அது பாதிக்குமேல் கறுத்துப்போயிருந்தது.

கோழிகள் உதறவில்லை. கத்தவில்லை. குரல் வரும்போது ஒவ்வொன்றும் தன் கழுத்தைத் தானாக நீட்டிக் கொடுத்தது.

மோட்டார்ப் பக்கம் நின்ற குணம் அவனைக் கண்டு முகம் மாறிப்போனான். கல்முனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் தமிழ் ஆள். அந்த வட்டக் கத்தியைச் செய்தவனும் அவன்தான்.

"காக்கா, நீங்க ஏன் இஞ்ச வந்த," என்றான்; அண்ணன் முறைக்கு அப்படித்தான் கூப்பிடுவான். "உங்களுக்குச் சொல்லவேணாம் எண்டு ஹாஜியார் சொன்னவர்."

"எவ்வளவு நாளா நடக்குது?"

"நீங்க வேலைய விட்டு நிண்டதில இருந்து. கொட்டிலுக்குள்ளயும் இந்தக் கசெட்டத்தான் போடுறம். குஞ்சா வாற நாளிலயே கேட்டுப் பழகினா, இஞ்ச வாறபோது பயப்படாதாம். ஹாஜியார்ட யோசன." குணம் ஸ்பீக்கரைப் பாராமல் பேசினான். "ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க. முதல்ல உதறினதுதான். இப்ப உதறுறதில்ல. எனக்கு உதறினாத்தான் நல்லம் போல கிடக்கு."

ஹாஜியார் குடையோடு வந்தார். நல்ல மனிதர். பள்ளிக்கு ஓடு போட்டவர், ஏழைக் குமருகளுக்குக் கலியாணம் செய்து வைத்தவர். றவூபின் நனைந்த தோளைக் கண்டதும், "காய்ச்சல் வரும் தம்பி, உள்ளுக்கு வாங்க," என்றுதான் முதலில் சொன்னார்.

"இஞ்ச ஆரு அறுக்கிற ஹாஜியார்?"

"நீங்கதான் தம்பி," என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல். "மனிசன் மறப்பான். களைப்புல ஒண்டு ரெண்ட விட்டிருவான். மிசின் மறக்காது. ஒரு உசிருக்குக் கூட பிஸ்மி தப்பப்படாது எண்டுதானே நான் இவ்வளவும் செஞ்ச."

"மிசினுக்கு வாயில்ல. அது என்ட வாய்."

"நாம சின்னப்புள்ளயில கோழி திண்டது எப்ப? கலியாணத்துக்கும் பெருநாளைக்கும். இப்ப வயல் வெட்டப் போற கூலிக்காரன்ட வீட்டுலயும் வெள்ளிக்கிழமை கோழிக்கறி மணக்குது. அது குத்தமா?"

அதில் உண்மை இருந்தது. அதனால்தான் றவூபுக்குக் கோபம் இன்னும் கூடியது. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை தின்னட்டும்; அதை யார் வேண்டாம் என்றது. ஆனால் அந்தப் பிள்ளையின் வாப்பா கடையில், "றவூப் அறுத்ததுதானே?" என்று கேட்டல்லவா வாங்கியிருப்பான்.

"திண்டத நான் குத்தம் சொல்லல்ல," என்றான். "ஒரு உசிர எடுக்கிறதெண்டா எடுக்கிறவன் அதுக்குப் பக்கத்துல நிக்கணும். அதட சூடு கையில படணும். ஆருமே நிக்காம எடுக்கிறதுக்குப் பேரு களவு. அந்தக் களவுக்கு என்ட சத்தத்தக் காவல் வெச்சிரிக்கீங்க."

"கோவத்துல கதைக்கிறீங்க. நாளைக்குக் கதைப்பம்."

"நான் நிப்பாட்டுறன்," என்றான் றவூப். "இப்பயே."

கசெட் ரேடியோ எங்கே இருக்கிறதென்று குணத்தின் கண் போன பக்கத்திலிருந்து தெரிந்தது. முதல் கொட்டிலின் மறு கோடியில், தீனி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உள்ள மேசை. அங்கே போக ஒரே வழிதான். கோழிகளுக்கு நடுவாக.

றவூப் கொட்டில் கதவைத் திறந்து உள்ளே போனான்.

முதலில் வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. தரை தெரியவில்லை. சுவரிலிருந்து சுவர்வரை, கொட்டிலின் கண்ணுக்கெட்டாத கடைசிவரை, வெள்ளை முதுகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. நின்றவை குறைவு. நெஞ்சு பெருத்துக் கால் தாங்காமல் பெரும்பாலானவை உமியில் படிந்திருந்தன. சிலவற்றின்மேல் மற்றவை ஏறிக் கிடந்தன. அடியில் கிடந்தவை உயிரோடுதானா என்று தெரியவில்லை. நெஞ்சு இறகு உதிர்ந்து, எச்சத்தின் காரத்தில் தோல் வெந்து சிவந்திருந்தது. தகரத்தில் மழை இரைந்தது. பல்புகள் வரிசையாக எரிந்தன. காரம் ஏறிக் கண்ணில் நீர் வழிந்தது. ஆயிரக்கணக்கான சின்ன மூச்சுகள் சேர்ந்து சூடாக முழங்காலில் பட்டன.

அவன் காலால் மெல்ல விலக்கி விலக்கி நடந்தான். அவை விலகவில்லை, விலக்கினால் சரிந்தன. முகட்டு ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக அவன் தலைக்குமேல் கடந்தன. ஒவ்வொன்றிலும் அவனே ஓதினான். ஒவ்வொரு தடவையும் கொட்டில் முழுவதும் ஒரு அலை எழும்பி மேற்கே போனது. கழுத்துகள். நீண்டன. தாழ்ந்தன. நீண்டன.

பார்க்காமல் நட, என்று தனக்குச் சொன்னான். மேசையைப் பார். மேசையை மட்டும் பார்.

பாதி வழியில் கரண்ட் போனது.

பல்புகள் அணைந்தன. குரல் பாதியில் அறுந்தது. மாரி மப்பு வெளிச்சம் கூடத் தகரச் சுவருக்குள் வரவில்லை. கறுப்பு. இருட்டையே அறியாத அத்தனை கோழிகளும் வெருண்டு எழும்பும் என்று றவூப் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

ஒன்றும் எழும்பவில்லை. மூச்சுச் சத்தம்கூட நின்றுவிட்டது. மழை மட்டும்.

பயந்தால், தடுக்கினால், இருட்டில் கால் வைத்தால், அவனுடைய வாய் தானாகத் தேடுகிற சொல் ஒன்றுதான். பால் குடித்த வயதிலிருந்து அந்தச் சொல்லோடுதான் அவன் எல்லா இருட்டுக்குள்ளும் போயிருக்கிறான். இப்போதும் அது வந்தது. நாக்கின் நுனிவரை வந்தது. உதடு சேர்ந்தது.

அப்போது அவனுடைய வலது பாதத்தின்மேல் ஏதோ வந்து படிந்தது. சூடாக. மெல்லிசாக. ஒரு சின்னத் துடிப்போடு.

ஒரு கழுத்து.

இடது பாதத்தில் இன்னொன்று. குதிகாலில் ஒன்று. கணுக்காலைச் சுற்றி. ஒன்றின்மேல் ஒன்று. உமி சரசரத்தது. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு எல்லாப் பக்கமிருந்தும் அவை வந்துகொண்டிருந்தன. ஸ்பீக்கரிடம் அல்ல. அவனிடம்.

அவன் சொல்வதற்காகக் காத்திருந்தன.

றவூப் நாக்கைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்தான். இரத்தம் உப்பாகக் கசிந்தது. சொல் இன்னும் அங்கேயே நின்றது. இன்னும் கடித்தான். நனைந்த சாரன் காலோடு ஒட்டிக்கொண்டது, ஓடு ஓடு என்றது மனம். ஓடினால் மிதிபடும். மிதிபட்டால் அவன் கத்துவான். கத்தினால் அந்தச் சொல்தான் வரும்.

"இல்ல," என்றான். வேறு சொல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். அதையே உரத்துச் சொன்னான். "இல்ல. நான் தரமாட்டன். உங்கள்ள ஒண்டயும் நான் அறுக்கல்ல. கேக்குதா? நான் அறுக்கல்ல."

இருட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

காலைத் தூக்காமல், தரையோடு இழுத்து இழுத்து, கழுத்துகளைப் பக்குவமாக ஒதுக்கி ஒதுக்கி நடந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரல் மேசையில் பட்டபோதுதான் வெளியே ஜெனரேட்டர் இரைந்தது. பல்புகள் வந்தன. ரேடியோவில் சிவப்புப் பொட்டு எரிந்தது. அவன் முகத்துக்கு நேரே அவனுடைய குரல், விட்ட இடத்திலிருந்து, "அல்லாஹு அக்பர்" என்றது.

திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்கக்கூடாது. மேற்கே ஒன்றும் நீளவில்லை. கொட்டில் முழுவதும், கடைசிச் சுவர்வரை, அத்தனை கழுத்துகளும் அவனை நோக்கி நீண்டு கிடந்தன.

றவூப் கசெட்டைப் பிடுங்கினான். உள்ளிருந்த நாடாவை விரலால் கொழுவி இழுத்தான், மண்ணிற நாடா முழங்கைவரை சுற்றிக்கொண்டு வந்தது, அதை இடுப்புக் கத்தியால் வெட்டினான். ஸ்பீக்கர் வயர்களை வெட்டினான். உயிர் ஒன்றை அறுக்க வைத்திருந்த கத்தி. வயரில் பட்டு அதன் வாய் மழுங்கியது. மழுங்கட்டும். பின்கதவால் வெளியேறி, செத்த கோழிக் கிடங்கில் நாடாவை எறிந்தான். இரத்தத்தோடு காறித் துப்பினான்.

ஹாஜியார் குடையை மறந்து மழையில் நின்றார்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல எழும்பி நிண்டு சொல்லுவன்," என்றான் றவூப். நாக்கு வீங்கியிருந்தது, ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னான். "இவ்வளவு நாளும் திண்டது றவூப் அறுத்ததில்ல எண்டு. ஆருமே அறுக்கல்ல எண்டு. என்னக் கல்லால எறிஞ்சாலும் சொல்லுவன்."

ஹாஜியாருக்குக் கோபம் வரவில்லை. அவர் முகத்தில் ஒரு களைப்புத்தான் இருந்தது.

"சொல்லுங்க," என்றார். "ஊரெல்லாம் திண்டு முடிஞ்சி தம்பி. திண்டத இனி என்னண்டு எடுக்கிற?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் றவூப் அந்தக் கேள்வியைச் சைக்கிள் மிதியால் மிதித்துக்கொண்டே வந்தான். மழை விட்டிருந்தது. கல்முனைத் தெருவில் ஆட்கள் சலாம் சொன்னார்கள்; பதில் சலாம் சொன்னான். வாய் நொந்தது. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது, அதை அவன் மறைக்கவில்லை. தன் வாயைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறவன் அவன்.

பொழுதுபட்டு மஃரிப் தொழுது முடிந்ததும் சுபைறா சோறு வைத்தாள். அவனுக்குக் கீரிமீன் ஆணம். நடந்ததைக் கேட்டதும், மற்றச் சட்டியில் நேற்றைய கோழிக்கறி மிச்சம் இருந்ததை அவளே கொண்டுபோய் வாழையடியில் கொட்டிவிட்டு வந்தாள். அவளுக்கும் ஆத்திரம்தான்.

"நல்லா செஞ்சீங்க," என்றாள். "பள்ளியில சொல்லுங்க. நானும் பொண்டுகள்ட்ட சொல்றன். இனி என்ன பயம். தின்னுங்க."

மூன்று பேரும் பாயில் குந்தினார்கள். விளக்கு நடுவில் எரிந்தது. பக்கத்து வீடுகளிலும் சாப்பாட்டு நேரம். மெல்லிய வேலிக்கு அந்தப் பக்கம் பீங்கான் சத்தமும் பிள்ளைகளின் சண்டையும் கேட்டன. வெள்ளைக் கோழி சாக்கின்மேல் கிடந்தது. றவூப் அதைப் பார்த்தான். நேற்று இரவிலிருந்து அவன் வீட்டில் பிஸ்மி சொல்லவில்லை. இனி எத்தனை நாளைக்குப் பயந்து பயந்து தின்பது. அந்தச் சொல் அவனுடைய தாய் அவனுக்குக் கொடுத்தது. பாமுக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

கோழியைப் பார்த்துக்கொண்டே, வீம்பாக, வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி சொன்னான்.

"பிஸ்மில்லாஹ்."

கோழி அசையவில்லை. தலையை இறகுக்குள் செருகியபடி, மற்றக் கோழிகள் தூங்குவதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தது.

றவூப் சிரித்தான். வாய் நோவோடு, சத்தம் போட்டுச் சிரித்தான். சோற்றைப் பிசைந்தான்.

பீங்கான் சத்தம் நின்றிருந்தது.

பக்கத்து வீட்டில். அதற்கடுத்த வீட்டில். பாம் கோழி தின்ற எல்லா வீட்டிலும். பிள்ளைகளின் சண்டை. நின்றிருந்தது.

"பரீனா," என்றான்.

பரீனா சோற்றைத் தொடவில்லை. மேற்குப் பக்கம் திரும்பிக் குந்தியிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. மோவாய் மெல்ல மேலே எழும்பியது. கழுத்து நீண்டது. அவளுடைய சின்னப் பெருவிரல் வந்து, தொண்டையில் கிடந்த முக்காட்டைப் பக்குவமாக விலக்கியது.

அவளுக்குப் பின்னால் சுபைறா. கையில் அகப்பை. கண் மூடி. முக்காட்டை விலக்கி.

இரண்டு பேரும் உதறவில்லை. கொட்டிலில் அவன் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்ததன் மிச்சச் சொல்லுக்காக, 'அல்லாஹு அக்பரு'க்காக, காத்திருந்தார்கள்.

றவூப் வாயை மூடினான். மிச்சச் சொல் உள்ளே இருந்தது. வீங்கிய நாக்கின் அடியில், பற்களுக்குப் பின்னால், வெளியே வரத் துடித்துக்கொண்டு. இடுப்புக் கத்தியை உருவிக் கதவுக்கு வெளியே இருட்டில் எறிந்தான். இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்தினான். தரமாட்டான். விடியும்வரை என்றாலும் பொத்தியிருப்பான், சாகும்வரை என்றாலும் பொத்தியிருப்பான்.

மகள் கண் திறக்கவில்லை. கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.